மூளை தானம்: கையெழுத்துக்குப் பிறகு வீட்டில் தொடங்கும் வேலை

இறந்தபின் தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட அப்பாவுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கையெழுத்தை நாங்கள் காப்பாற்ற வேண்டியிருந்தது நான்கு வருடம் கழித்து, ஒரு விடியற்காலையில், யாருக்கும் கை கால் ஓடாத நேரத்தில். முடிவு எடுத்தவர் அப்போது இல்லை. போன் செய்ய வேண்டியவர்கள், சரி என்று சொல்ல வேண்டியவர்கள், உடலை எங்கே வைப்பது என்று பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் நாங்கள்தான். அதனால் இந்தக் கட்டுரையைத் தானம் செய்பவரைவிட அவரைச் சுற்றி இருப்பவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

‘மூளை தானம்’ என்றதும் பாதிப் பேருக்கு மூளைச்சாவுதான் நினைவுக்கு வருகிறது. இரண்டும் வேறு. மூளைச்சாவு அடைந்தவரின் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றை இன்னொருவருக்குப் பொருத்துவது உறுப்பு தானம். மூளையை யாருக்கும் பொருத்த முடியாது. அது போவது மூளை வங்கிக்கு. அங்கே நிபுணர்கள் ஆராய்ந்து, சேமித்து, ஆய்வாளர்களுக்குச் சிறு சிறு துண்டுகளாகக் கொடுக்கிறார்கள். எனவே உறுப்பு தான அட்டை வைத்திருப்பவர் மூளை தானத்துக்கும் பதிந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அதற்குத் தனிப் படிவம், தனி வங்கி, தனிச் சம்மதம் வேண்டும்.

உடல் தானமும் வேறுதான். மருத்துவ மாணவர்கள் படிப்பதற்காக முழு உடலையும் பெறும் கல்லூரிகளில் பல, மூளை எடுக்கப்பட்ட உடலை ஏற்பதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் இரண்டுக்குமே எழுதிக்கொடுத்திருந்தால் இரண்டு இடத்தையும் இப்போதே கேட்டு, எது முதலில், எது முடியாவிட்டால் எது என்று எழுதி வையுங்கள். கண் தானம் பெரும்பாலும் மூளை தானத்துக்குத் தடையாக இருப்பதில்லை. ஆனால் கண்களை எடுப்பதற்கான நேரம் இன்னும் குறைவு. இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எதற்காக என்று கேட்பார்கள்

கேட்கத்தான் செய்வார்கள், பதில் கையில் இருக்கட்டும். ஸ்கேனில் மூளை சுருங்கியிருப்பது தெரியும். சில வகை ஸ்கேன்களில் சில புரதங்களின் படிவும் தெரியும். ஆனால் எந்த உயிரணுவுக்குள் என்ன தேங்கியிருக்கிறது, ஒரே மூளைக்குள் எத்தனை நோய்கள் சேர்ந்து இருந்தன என்பதையெல்லாம் முழுமையாகப் பார்ப்பதற்கு இன்றும் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்த மூளைத் திசுதான் வேண்டும். ஞாபகசக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிக்கும் அல்சைமர் நோயின் கதையே அப்படித்தான் தொடங்கியது. அவுகுஸ்ட டேட்டர் என்ற பெண்மணி 1906 ஏப்ரலில் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் இறந்தார். அவருடைய மூளை மியூனிக்கில் இருந்த டாக்டர் அலோயிஸ் அல்சைமருக்கு அனுப்பப்பட்டது. அதில் அவர் கண்ட படிவுகளையும் நார் முடிச்சுகளையும் அந்த ஆண்டு நவம்பர் 3-ம் தேதி டூபிங்கனில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் விவரித்தார். தலையில் திரும்பத் திரும்ப அடிபட்ட விளையாட்டு வீரர்களுக்கு வரும் சி.டி.இ. பாதிப்பை இன்றுவரை இறப்புக்குப் பிறகு மூளையைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடிகிறது.

‘இவருக்குத்தான் மூளையில் எந்த நோயும் இல்லையே, இவர் மூளை எதற்கு?’ என்பது அடுத்து வரும் கேள்வி. நோயில்லாத மூளைகள்தான் வங்கிகளுக்குக் குறைவாகக் கிடைக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாமல் நோயை எப்படி அடையாளம் காண்பது? அமெரிக்காவில் 1986-ல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரிகள் பங்கேற்று, இறந்தபின் மூளையைத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கடைசிவரை ஞாபகசக்தி குறையாமல் வாழ்ந்த சிலருடைய மூளையிலும் அல்சைமர் படிவுகள் நிறைய இருந்தன. நோயின் தடயம் இருந்தும் நோய் வெளியே தெரியாமல் போவது எப்படி என்ற கேள்வி அந்தத் தானங்களால் வலுப்பெற்றது.

பேச வேண்டிய காலம்

டிமென்ஷியா (மறதி நோய்), பார்க்கின்சன் போன்ற நோய் என்று தெரியவந்தவுடனே பேசுங்கள். காரணம் எளிது. சம்மதம் கொடுப்பவருக்குத் தான் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று புரிய வேண்டும். அந்தத் தெளிவு மங்கியபின், சட்டப்படி அவருக்காக முடிவெடுக்கக்கூடியவர்தான் கையெழுத்துப் போட முடியும். அது செல்லும் என்றாலும், ‘இது அவர் ஆசையா, நம்ம ஆசையா?’ என்ற சந்தேகம் வீட்டில் தங்கிவிடும்.

அப்பாவுக்கு அல்சைமர் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவரிடம் அக்கா கேட்டதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் நான் ஆறு மாதம் யோசித்தும் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. “அப்பா, இந்த நோயப் பத்தி டாக்டருங்களுக்கே இன்னும் நிறையத் தெரியல. உங்களுக்கு அப்புறம் உங்க மூளையப் பார்த்து அவங்க கத்துக்கிறதுக்குக் கொடுக்கலாமாம். உங்களுக்கு எப்படித் தோணுது?” அவ்வளவுதான். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குத்தான் உபயோகப்படாமப் போகுது, வேற யாருக்காவது உபயோகப்படட்டும்” என்றார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதோடு விட்டிருப்போம். நீங்களும் விட்டுவிட வேண்டும். மறுத்தவரிடம் மறுபடி மறுபடி கேட்டு வாங்கும் சம்மதம் தானம் ஆகாது.

அவர் சரி என்று சொன்னால், அதை அவர் குரலிலேயே போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்காக அல்ல, பிற்பாடு சந்தேகப்படப் போகும் சொந்தக்காரருக்காக.

எதிர்க்கப் போகிறவரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தானம் செய்பவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும், இறந்தபின் நெருங்கிய உறவின் சம்மதத்தையும் பல இடங்களில் மூளை வங்கி கேட்கும். அவர் கையெழுத்தே போதும் என்று சட்டம் சொல்லும் இடத்தில்கூட, அழுதுகொண்டு தடுக்கும் மகனையோ தம்பியையோ மீறி எந்த வங்கியும் உடலை எடுத்துப் போக விரும்பாது. எனவே நிச்சயம் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறவரிடம் பேசி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். யாருக்குச் சொல்லவே பயமாக இருக்கிறதோ, அவருக்கு முதலில் சொல்லுங்கள். தொலைவில் இருக்கும் பிள்ளை, பேச்சுவார்த்தை இல்லாத உடன்பிறப்பு, எதையும் கடைசியில் கேள்விப்பட்டுக் கோபப்படும் சித்தப்பா, இவர்களுக்கு.

எங்கள் வீட்டில் எதிர்த்தவர் சித்தப்பாதான். “அண்ணனக் கண்டதுண்டமா வெட்டவா கொடுக்கப் போறீங்க?” என்று கேட்டார். ஆராய்ச்சி, அல்சைமர், எதிர்காலத் தலைமுறை என்றெல்லாம் நான் அடுக்கினேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அப்பாவே அவரை உட்காரவைத்துப் பேசினார். அப்போது வார்த்தை தடுமாறும், ஒரே விஷயத்தை இரண்டு மூன்று தடவை சொல்வார். ஆனாலும் சொன்னார். அண்ணன் வாயால் கேட்டபின் சித்தப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “முகம் மாறிடுமா?”

பெரும்பாலான எதிர்ப்புக்குள்ளே ஒளிந்திருப்பது இந்தக் கேள்வி. மதம், சாஸ்திரம் என்று பேசுகிறவர்களில் பலருக்கும் அடியில் இதுதான் இருக்கிறது. உண்மையிலேயே மதம் சார்ந்த தயக்கம் இருந்தால், அவர் மதிக்கும் மதப் பெரியவரிடம் அவரே கேட்கட்டும். நீங்கள் வாதாட வேண்டாம்.

உடலுக்கு என்ன செய்வார்கள்

சித்தப்பாவின் கேள்விக்கான பதிலை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். தலையின் பின்பக்கமாக, ஒரு காதுக்குப் பின்னாலிருந்து மறு காதுக்குப் பின்னால் வரை முடிக்குள் மறையும்படி கீறல் போடுவார்கள். மண்டையோட்டின் மேல்பகுதியைத் திறந்து மூளையை எடுத்தபின் அதைத் திரும்பப் பொருத்தித் தோலைத் தைத்துவிடுவார்கள். நெற்றியிலோ முகத்திலோ கத்தி படாது. தலையணையில் தலை வைத்துப் படுக்கவைத்தால் வெளியே எதுவும் தெரியாது. முடியில்லாதவருக்கு மட்டும் உற்றுப் பார்த்தால் பின்பக்கத் தையல் தெரியலாம். அப்படிப்பட்டவர் என்றால் வங்கியிடம் முன்பே சொல்லிவையுங்கள். எடுக்கும் வேலை சில மணி நேரத்தில் முடிந்து, உடல் குடும்பத்திடம் வந்துவிடும். இறுதிச் சடங்கை எல்லாரும் முகம் பார்க்கும்படியே செய்யலாம். சில வங்கிகள் முதுகுத்தண்டு நரம்பு, தண்டுவட நீர் ஆகியவற்றின் மாதிரியையும் கேட்கும். படிவத்தில் அது தனியாக இருக்கும், வேண்டாம் என்றால் அதை மட்டும் விட்டுவிடலாம்.

ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ள அந்த உறுப்பு அதன்பின் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் உண்டு. பல வங்கிகளில் ஒரு பாதியை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் சில வாரம் ஊறவைத்து, நோயைக் கண்டறியப் பயன்படுத்துவார்கள். மறு பாதியைத் துண்டுகளாக்கி மைனஸ் 80 டிகிரியில் உறையவைத்து, பல ஆண்டுகளுக்கு ஆய்வாளர்களுக்குக் கொடுப்பார்கள். பெயர் போகாது, குறியீட்டு எண்தான் போகும். மூளை குடும்பத்துக்குத் திரும்பி வராது. இதைப் படிவத்தில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக் கேட்பது நல்லது. “எதுவும் குறையாமத்தான் எரிக்கணும்” என்று நினைப்பவர் வீட்டில் இருந்தால், பிரச்சினை முகத்தில் அல்ல, இங்கேதான் வரும்.

வங்கியிடம் பேசும்போது

நெதர்லாந்து மூளை வங்கி 1985 முதல் இயங்குகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மனித மூளைத் திசுச் சேமிப்பகம் இருக்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல வங்கிகள் ஒருங்கிணைந்து வேலை செய்கின்றன. ஆனாலும் எல்லா ஊரிலிருந்தும் எல்லா வங்கியும் எடுத்துக்கொள்ளாது. எனவே முதல் கேள்வி, “நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா, யார் வந்து எடுப்பார்கள்?” என்பதுதான். தூரம் அதிகம் என்றால் மற்றக் கேள்விகளுக்கு அவசியமே இல்லை.

பிறகு, எந்தச் சூழ்நிலையில் மறுப்பார்கள் என்று கேளுங்கள். நீண்ட நாள் வெண்டிலேட்டரில் இருந்தவர், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் போன்ற தொற்று உள்ளவர், மூளையில் பெரிய கட்டியோ புதிதாக ஏற்பட்ட பெரிய பக்கவாதமோ உள்ளவர் ஆகியோரைச் சில வங்கிகள் ஏற்பதில்லை. குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற அரிய நோய் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அதற்கென்று தனிப் பாதுகாப்புள்ள மையங்கள்தான் எடுக்கும். விபத்து, திடீர் மரணம் என்றால் சட்டப்படியான பிரேதப் பரிசோதனைக்கு முன்னுரிமை. சில வங்கிகள் வருடத்துக்கு ஒருமுறை ஞாபகசக்திச் சோதனைக்கு வரச் சொல்வார்கள், மருத்துவக் கோப்புகளையும் கேட்பார்கள். அலுத்துக்கொள்ளாதீர்கள். வாழ்ந்தபோது அவர் எப்படி இருந்தார் என்ற குறிப்பு இல்லாத மூளை, விலாசம் இல்லாத கடிதம் மாதிரி.

பணம் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். தானத்துக்கு யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. மூளையை எடுக்கும் செலவையும் அதற்கான போக்குவரத்தையும் பெரும்பாலும் வங்கியே ஏற்கும். இறுதிச் சடங்குச் செலவு குடும்பத்துடையது. வங்கி கொடுப்பது எதுவரை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டால் அன்றைக்குத் தகராறு வராது.

மரபணுச் சோதனை செய்வார்களா, அதன் முடிவைச் சொல்வார்களா என்பது பலர் கேட்க மறக்கும் கேள்வி. ஹண்டிங்டன் நோய், இளவயதில் குடும்பத்தில் தொடர்ந்து வரும் சில வகை அல்சைமர் ஆகியவை பிள்ளைகளுக்கும் வரக்கூடியவை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு பிள்ளையும் வேண்டவே வேண்டாம் என்று இன்னொரு பிள்ளையும் நினைக்கலாம். அதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

கதவில் ஒட்டிய தாள்

நேரம்தான் இதில் எல்லாம். பெரும்பாலான வங்கிகள் இறந்து 24 மணி நேரத்துக்குள் மூளையை எடுக்கப் பார்க்கும். சில வங்கிகள் அதைவிடச் சற்று அதிக நேரம் தரும், சில இடங்களில் சில மணி நேரத்துக்குள்ளேயே எடுத்துவிடுவார்கள். இதயம் நின்றதும் மூளைத் திசு மாறத் தொடங்கிவிடுகிறது, குளிர்ச்சி அதைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே, இறப்புக்குப் பின் யார் என்ன செய்வது என்பது ஒரே தாளில் இருக்க வேண்டும். எங்கள் தாளில் மேலே பெரிய எழுத்தில் வங்கியின் 24 மணி நேர போன் எண். அடுத்து அப்பாவின் பெயர், பிறந்த தேதி, வங்கி கொடுத்த பதிவு எண். அதன்கீழ், “முதல் போன் வங்கிக்கு. உறவினர்களுக்கு அப்புறம்.” பிறகு, இறப்பை உறுதிசெய்யும் டாக்டரின் எண், உடலைக் குளிர்பதன வசதிக்குக் கொண்டுபோக வண்டியின் எண். கடைசி வரி, “எம்பாமிங் வேண்டாம், வங்கி சொல்லும்வரை.” எம்பாமிங் என்பது உடல் கெடாமலிருக்க ரசாயனம் ஏற்றுவது. மூளை எடுப்பதற்கு முன் அதைச் செய்துவிட்டால் தானமே வீணாகிவிடக்கூடும். உடலைக் குளிரவைக்க வேண்டும், உறையவைக்கக் கூடாது.

இந்தத் தாளின் நகல் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், இன்னொன்று மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில், மூன்றாவது போனில் படமாக. அவர் மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ இருந்தால் அங்கேயும் ஒன்று. நாங்கள் தவறியது இங்கேதான். பகல் நேர நர்ஸுகளுக்கெல்லாம் சொல்லியிருந்தோம். அப்பா போனது விடியற்காலை நான்கு மணி தாண்டி. அன்று இரவுப் பணியில் இருந்தவருக்கு ஒன்றுமே தெரியாது. கோப்பின் நடுவில் எங்கோ இருந்த தாளைத் தேடி எடுக்கவே முக்கால் மணி நேரம் போனது. அதனால்தான் முதல் பக்கம் என்கிறேன்.

போன் செய்யும் பொறுப்பை இரண்டு பேருக்குக் கொடுங்கள். ஒருவர் உடைந்துவிட்டால் இன்னொருவர் செய்யட்டும். கணவனையோ மனைவியையோ அதற்குப் பிடிக்காதீர்கள்.

அந்த நேரத்தில்

வங்கியில் இருப்பவர் கேட்பது பெரும்பாலும் இவைதான்: எத்தனை மணிக்கு இறந்தார், எங்கே, உடல் இப்போது எங்கே இருக்கிறது, கடைசி நாட்களில் காய்ச்சல், தொற்று, வெண்டிலேட்டர் ஏதாவது உண்டா, சம்மதம் சொல்ல வேண்டிய உறவு யார். எங்களிடம் அம்மாவின் சம்மதத்தைக் கேட்டார்கள். போனை அம்மா கையில் கொடுத்தேன். “அவர் சொன்னபடியே செய்யுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான்கு வருடமாகப் பேசிப் பேசிப் பழகியிருந்த விஷயம் என்பதால் அந்த மூன்று வார்த்தை வந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டிருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

உடல் திரும்பி வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதன்பிறகே சடங்கின் நேரத்தை எல்லாருக்கும் சொல்லுங்கள். “ஏன் இவ்வளவு நேரம்?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த வேலையைச் செய்தவர் சித்தப்பா.

எல்லாம் சரியாகச் செய்தும் தானம் நடக்காமல் போகலாம். கடைசியில் தொற்று வந்திருக்கும், நேரம் கடந்திருக்கும், எடுப்பதற்கு ஆள் கிடைத்திருக்க மாட்டார். இது நடக்கலாம் என்று வீட்டாருக்கு முன்பே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் கடைசி ஆசையைக்கூட நிறைவேற்றவில்லையே என்ற குற்றவுணர்வு துக்கத்தோடு சேர்ந்துகொள்ளும்.

அறிக்கை வரும் நாள்

பல வங்கிகள் மூளையை ஆராய்ந்தபின் நோய் என்ன என்ற அறிக்கையைக் குடும்பத்துக்குத் தருகின்றன. வேண்டும் என்று படிவத்தில் குறித்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருடம்கூட ஆகலாம். யாருடைய பெயருக்கு வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். திடீரென்று ஒரு நாள் கையில் கிடைத்துத் தனியாகப் பிரித்துப் படிப்பது கடினம். மருத்துவச் சொற்கள் நிறைந்திருக்கும், எடையும் அளவும் எழுதியிருக்கும். அப்பாவைக் கிராம் கணக்கில் படிக்க நான் தயாராக இல்லை. அவரைப் பார்த்துவந்த நரம்பியல் டாக்டரிடமோ, வங்கியிலேயே விளக்குகிறவரிடமோ நேரம் வாங்கி, கேட்க விரும்புகிற எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். பிள்ளைகளின் மருத்துவக் கோப்பில் ஒரு நகல் இருக்கட்டும்.

எங்களுக்கு எட்டு மாதத்தில் வந்தது. ஐந்து வருடம் அல்சைமர் என்று மட்டும் சொல்லப்பட்ட அப்பாவுக்கு அல்சைமரும் இருந்தது, அதோடு லூயி உருண்டைகள் எனப்படும் புரதக் கட்டிகளும் மூளை முழுக்கப் பரவியிருந்தன. இப்படி இரண்டும் சேர்ந்து இருப்பது அரிதல்ல என்றார் டாக்டர். லூயி உருண்டைகள் உள்ளவர்களுக்கு இல்லாத மனிதர்களும் குழந்தைகளும் கண்முன் தெளிவாகத் தெரிவது வழக்கம் என்றும் சொன்னார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜன்னலோரம் இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று அப்பா சொன்ன போதெல்லாம், “யாரும் இல்லப்பா, சும்மா இருங்க” என்று அவரை அடக்கிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

“அப்போ அப்பாவுக்கு அந்தப் பிள்ளைங்க நிஜமாவே தெரிஞ்சிருக்காங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றார் டாக்டர்.